ஒரு பக்கம் கிழிந்தால் புத்தகத்தையே எரிப்பதா?

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



நம்ம ஊரில் கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் மூன்றே மூன்று வைத்தியம்தான். ஒன்று, ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுவது. இரண்டு, ‘வைரஸ்ப்பா’ என்று சொல்லி ஃபார்மட் அடிப்பது. இரண்டுக்கும் கேட்கவில்லையா? சாக்பீஸை எடுத்து கேபினட் மேல் ‘கண்டம்’ என்று எழுதி மூலையில் அடுக்கிவிட வேண்டியது. நம் லேபில் மொத்தம் 30 மெஷின். போன செமஸ்டர் ஆரம்பத்தில் ஓடியது 22. மீதி 8 மூலையில். விளைவு உங்களுக்கே தெரியும். ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், சில நாள் மூன்று பேர். ஒருத்தர் டைப் அடிப்பார், ஒருத்தர் ஸ்க்ரீனைப் பார்ப்பார், மூன்றாமவர் பின்னால் நின்று ரெக்கார்ட் எழுதுவார். ஆனால் பிராக்டிகல் எக்ஸாம் அன்றைக்கு மட்டும் மூன்று பேரும் தனித்தனியாக உட்கார வேண்டும்!

என் கட்சி இதுதான். ‘கண்டம்’ என்று எழுதுவதற்கு முன்னால் மெமரியைச் சோதிக்க வேண்டும். ஏதோ ஓர் இடம் மட்டும் கெட்டிருந்தால் அந்த இடத்துக்கு வேலி போட்டு ஒதுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்த வேண்டும். லினக்ஸில் அது ஒரே வரி வேலை. கூடவே இன்னொன்றும் சொல்கிறேன். அப்படி வேலி போட்ட மெஷினில் எந்த வேலையைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதில் கறாராக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைச் சொன்னால்தான் முதல் பாதிக்கு மரியாதை.

ரேம் என்றால் என்ன என்று மூன்றாவது செமஸ்டரிலேயே படித்துவிட்டோம், மறந்தும்விட்டோம். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ஒரு பிட்டுக்கு அவ்வளவுதான். ஐ.பி.எம்.மில் இருந்த ராபர்ட் டெனார்ட் இதற்கு 1968-ல் பேடன்ட் வாங்கினார். கெபாசிட்டரில் சார்ஜ் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். ஆனால் அது ஓட்டைக் குடம். ஊற்றிய தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வழக்கமாக 64 மில்லி செகண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுதுகிறார்கள். ‘ரெஃப்ரெஷ்’ என்று விடைத்தாளில் எழுதி இரண்டு மார்க் வாங்கினோமே, அதேதான். சூடு ஏறினால் கசிவும் ஏறும். காலையில் ஒழுங்காக ஓடும் மெஷின் ஏப்ரல் மாத மத்தியானம் மட்டும் அடம் பிடிக்கிறதென்றால் அதற்குப் பேய் பிசாசு காரணமில்லை.

4 ஜிபியில் மொத்தம் 3435 கோடி பிட்டுக்கு மேல் இருக்கிறது. அத்தனை கோடிக் குடத்தில் ஒன்றே ஒன்று சீக்கிரம் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றுமே செய்யாது. அதுதான் ஆபத்து!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நம்ம தியரி பேப்பருக்கு பாஸ் 40. பைனரியில் 101000. வலது பக்கத்திலிருந்து நான்காவது பிட் மட்டும் பூஜ்யமாகிவிட்டால்? 100000. அதாவது 32. அரியர்! பையன் கண்ணீர் விடுவான், மெஷின் ஒரு பீப் சத்தம்கூடப் போடாது. மாறாக, 40-ல் ஐந்தாவது பிட் ஒன்றாகிவிட்டால் 56. அதற்கு யாரும் புகார் கொடுக்க மாட்டோம் என்பது வேறு விஷயம்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. சாஃப்ட்வேரில் தப்பென்றால் அது பொதுவாக ஒரே இடத்தில்தான் விழும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே வரி, அதே எரர். மெமரி கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் விழும். 90-களில் லினக்ஸ் கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஜிசிசி கம்பைலர் திடீரென்று ‘சிக்னல் 11’ என்று சொல்லிச் செத்துப்போகும். திரும்ப மேக் கொடுத்தால் அந்த ஃபைலைத் தாண்டிப் போய் வேறொரு ஃபைலில் சாகும். ஹாலந்தில் ரோஜியர் வுல்ஃப் என்பவர் இதற்கென்றே ஒரு விளக்கக் குறிப்பு எழுதி வைத்தார். சாரம் இவ்வளவுதான்: கம்பைலரைத் திட்டாதே, உன் ஹார்ட்வேரைப் பார், முக்கியமாக மெமரியைப் பார். கெர்னல் கம்பைல் என்பது மெமரியை மூலை முடுக்கெல்லாம் துழாவுகிற வேலை. சாதாரண நாளில் யாரும் போகாத சந்தில்கூட அது போய் நிற்கும். அங்கேதான் ஓட்டைக் குடம் இருக்கும்.

இன்னொரு அடையாளம். ஒரு பெரிய ஃபைலை, ஒரு சிடி இமேஜ் அளவுக்கு, காப்பி எடுத்துவிட்டு இரண்டுக்கும் எம்டி5 போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை, மறுபடி காப்பி எடுத்தால் மூன்றாவதாக ஒரு விடை வருகிறது என்றால் சந்தேகப் பட்டியலில் மெமரிக்கு முதலிடம் கொடுங்கள். லினக்ஸ் டிஸ்க்கில் எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் மெமரியில்தான் வைத்துக்கொள்கிறது. அங்கே கெட்டது அப்படியே டிஸ்க்குக்கும் போய்விடும். ஹார்ட் டிஸ்க் பாவம், கொடுத்ததைத்தானே எழுதும்?

‘ஆன் பண்ணும்போதே பயாஸ் மெமரியைப் பார்க்குமே?’ என்று கேட்பீர்கள். பார்க்கும், எப்படித் தெரியுமா? நம்ம வார்டன் ராத்திரி அட்டெண்டன்ஸ் எடுப்பது போல! கதவைத் திறந்து ‘எல்லாரும் இருக்கீங்களா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு கட்டிலாகப் போர்வையைத் தூக்கிப் பார்க்காது.

போர்வையைத் தூக்கிப் பார்ப்பதற்கென்று உள்ள புரோகிராம் மெம்டெஸ்ட்86. கிறிஸ் பிரேடி என்பவர் 1994-ல் எழுதியது. அதிலிருந்து கிளை பிரிந்த மெம்டெஸ்ட்86 ப்ளஸ்தான் நமக்கு ஏற்றது. இலவசம், சோர்ஸும் திறந்தது. 2022-ல் வந்த ஆறாவது பதிப்பிலிருந்து புது மாடல் யுஇஎஃப்ஐ மெஷினிலும் ஓடுகிறது. பெண்டிரைவில் ஏற்றி, ஆபரேட்டிங் சிஸ்டம் எதுவும் இல்லாமல் அதை மட்டும் பூட் செய்ய வேண்டும். ஏன் அப்படி? லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதிக்க மெம்டெஸ்டர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. ஆனால் கெர்னல் உட்கார்ந்திருக்கும் இடத்தை அதால் தொட முடியாது. பெஞ்சில் நாமே உட்கார்ந்துகொண்டு பெஞ்சைக் கழுவ முடியுமா? சந்தேகத்தை உறுதி செய்ய மெம்டெஸ்டர் போதும். ‘குற்றமில்லை’ என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது.

மெம்டெஸ்ட் வெறுமனே எழுதிப் படித்துப் பார்ப்பதோடு நிற்காது. ஒரு வடிவத்தை மெமரி முழுக்க நிரப்பும், கீழிருந்து மேலாகச் சரிபார்த்துக்கொண்டே அதைத் தலைகீழாக மாற்றி எழுதும், பிறகு மேலிருந்து கீழாக அதையே செய்யும். பக்கத்து செல்லில் எழுதும்போது இந்த செல் அசைகிறதா என்று பார்க்கத்தான் இந்தக் கூத்தெல்லாம். சில செல்கள் தனியாக இருக்கும்போது நல்ல பிள்ளை. பக்கத்தில் ஆள் வந்தால்தான் சேட்டை!

இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பாஸ் முடிந்ததும் ‘எரர் இல்லை’ என்று எழுந்து போய்விடக் கூடாது. ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். நமக்கு வந்த முதல் தடையே அங்கேதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் லேபின் மெயினை ஆஃப் பண்ணிவிடுவார்.

“தம்பி, மெயின் ஆன்ல இருந்து ஏதாவது ஆச்சுன்னா என்னையத்தான் கேப்பாங்க.”

“அண்ணே, ஒரே ஒரு மெஷின்தாண்ணே. மத்ததெல்லாம் ஆஃப். எச்.ஓ.டி. சார் கையெழுத்துப் போட்ட லெட்டர் இருக்குண்ணே.”

“லெட்டர் கெடக்கட்டும். அது ராத்திரி பூரா என்னதான் பண்ணும்?”

“எழுதி எழுதிப் பாக்கும்ணே.”

“உங்களுக்குப் பதிலா அதாவது எழுதுதே!” என்று சொல்லிவிட்டு மெயினை விட்டுவிட்டுப் போனார்.

எட்டு மெஷினையும் முடிக்க மூன்று வாரம் ஆனது. முடிவை மறைக்காமல் சொல்கிறேன். நான்கு மெஷினுக்கு மெமரியில் கோளாறே இல்லை. இரண்டில் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது, ஒன்றில் மதர்போர்டு கெபாசிட்டர் வீங்கியிருந்தது, ஒன்றில் ஹார்ட் டிஸ்க் செத்திருந்தது. மீதி நான்கில் ஒன்று ரப்பர் வைத்தியத்திலேயே பிழைத்தது! (ரப்பரை நான் அடியோடு கேலி செய்யவில்லை. காண்டாக்டில் அழுக்கு ஏறியிருந்தால் அது உண்மையான வைத்தியம்தான். ஆனால் தேய்த்த பிறகு சோதிக்காமல் ‘சரியாயிடுச்சு’ என்று மூடுவது வைத்தியமில்லை, ஜோசியம்.) இன்னொன்றில் எரர் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. ரேமைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினோம், ஒரு எரர்கூட இல்லை. பழி ஸ்லாட் மேல். மூன்றாவதில் ஒரு ஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் எரர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதி ஒரு ஸ்டிக்கில், 2 ஜிபியோடு ஓட்டுகிறோம். நான்காவதுதான் என் கட்டுரையின் கதாநாயகன்.

அதில் இரண்டு 2 ஜிபி ஸ்டிக். முதல் இரண்டு பாஸில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது பாஸில் ஒரு எரர். மறுநாள் ராத்திரியும் அதே விலாசம், அதே பிட். 1832 எம்பிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடம். ஸ்டிக்கைத் தனித்தனியாகப் போட்டுச் சோதித்ததில் எது குற்றவாளி என்றும் தெரிந்துவிட்டது. வழக்கமான முடிவு என்ன? அந்த ஸ்டிக்கைத் தூக்கிப் போடு! அதாவது ஒரே ஒரு பிட்டுக்காக 2048 எம்பியையும் குப்பையில் எறி! இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

ஏனென்றால் லினக்ஸ் மெமரியை ஒரே மொத்தையாகப் பார்ப்பதில்லை. 4 கிலோபைட் கொண்ட பக்கங்களாகப் பார்க்கிறது. 4 ஜிபி என்றால் 10,48,576 பக்கம். நம்முடைய கோளாறு அதில் ஒரு பக்கத்தில் இருக்கிறது. பூட் ஆகும்போது பயாஸ் ஒரு வரைபடம் கொடுக்கும், ‘இங்கேயிருந்து இங்கே வரை உன் இடம், இது என் இடம்’ என்று. அந்த வரைபடத்தில் நாமும் ஒரு கோடு போடலாம். கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ‘மெம்மேப்=4எம்$1830எம்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும். 1830-வது எம்பியிலிருந்து நான்கு எம்பியைத் தொடாதே என்று அர்த்தம். ஒரு பக்கம் கெட்டதற்கு ஏன் நான்கு எம்பி? முன்னும் பின்னும் கொஞ்சம் தாராளமாக வேலி போடுவது நல்லது. அப்படியும் நஷ்டம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். மெம்டெஸ்ட் விலாசத்தை ஹெக்ஸாடெசிமலில் கொடுக்கும். டெசிமலாக்கி 1048576-ஆல் வகுத்தால் எம்பி கிடைக்கும். கால்குலேட்டர்தான் எல்லார் பையிலும் இருக்கிறதே.

ஒரு கண்ணிவெடி மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த டாலர் குறி! க்ரப்புக்கு அதன் மேல் தனி மோகம். பார்த்தவுடன் விழுங்கிவிடும். மீதி பாதி வரியை மட்டும் கெர்னலிடம் கொடுத்தால் மெஷின் பூட்டே ஆகாமல் போகலாம். அதனால் முதலில் பூட் மெனுவில் ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தி, டாலருக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டு, அந்த ஒரு தடவைக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் பிறகு க்ரப்பின் டிஃபால்ட் ஃபைலில் நிரந்தரமாகப் போடலாம். அங்கே மூன்று பின்சாய்கோடு வேண்டும். பிறகு அப்டேட்-க்ரப். வேலி விழுந்ததா என்று ப்ராக்கில் உள்ள ஐஓமெம் ஃபைலை ரூட்டாக இருந்து படித்தால் தெரியும். அந்த இடத்துக்கு நேராக ‘ரிசர்வ்டு’ என்று இருக்க வேண்டும்.

இது ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்துக்காரர் ரிக் வான் ரைன் ‘பேட்ரேம்’ என்ற பெயரில் கெர்னலுக்கு ஒட்டு போட்டுப் பல வருஷமாகிறது. அந்த யோசனை க்ரப்புக்குள்ளேயும் போய்விட்டது. விலாசமெல்லாம் கண்டுபிடிக்கச் சோம்பல் என்றால், அந்த வசதி சேர்த்துக் கம்பைல் செய்த கெர்னலில் ‘மெம்டெஸ்ட்=4’ என்று கொடுத்தால் பூட் ஆகும்போதே நான்கு சுற்றுப் பார்த்து, கெட்ட இடத்தைத் தானே ஒதுக்கிக்கொள்ளும். ஆனால் நான்கு சுற்றில் பிடிபடாத கள்வர்களும் உண்டு. நம் கதாநாயகனே மூன்றாவது ராத்திரிப் பாஸில்தானே மாட்டினான்? அதனால் எனக்கு அதன் மேல் அரை நம்பிக்கைதான்.

எச்.ஓ.டி. சாரிடம் காட்டினபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. “ஏம்ப்பா, இன்னைக்கு இந்த இடம் கெட்டுது. நாளைக்குப் பக்கத்து இடம் கெடாதுன்னு என்ன நிச்சயம்?”

நிச்சயம் கிடையாது. அதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் ரப்பர் வைத்தியன்தான். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கூகுள்காரர்கள் இருவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கூகுளின் சர்வர்களை இரண்டரை வருஷம் கவனித்ததில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட மெமரி ஸ்டிக்குகளில் பிழை வந்திருந்தது. ஆகாயத்திலிருந்து வரும் கதிர் எப்போதோ ஒரு பிட்டைத் தட்டிவிடுகிறது என்றுதான் அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஆய்வு சொன்னது வேறு. பெரும்பாலும் ஸ்டிக்கே கெட்டுப்போவதால் வரும் பிழை. ஒரு தடவை பிழை வந்த ஸ்டிக்கில் மறுபடி வர வாய்ப்பு அதிகம். ஆகவே சாரின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

நான் சொன்ன பதில் இரண்டு. ஒன்று, மாதம் ஒரு ராத்திரி மறுபடி சோதிப்போம் சார். இடம் கூடிக்கொண்டே போனால் நானே கழற்றிக் குப்பையில் போடுகிறேன். இரண்டு, அந்த மெஷினில் சி புரோகிராம் எழுதிப் பழகலாம், ஷெல் ஸ்க்ரிப்ட் போடலாம், லினக்ஸையே கழற்றி மாட்டலாம். ஆபீஸ் ஃபீஸ் கணக்கு, இன்டர்னல் மார்க், யாருடைய ஃபைனல் புராஜெக்ட்டின் ஒரே காப்பி... இவை அதன் பக்கமே போகக் கூடாது. 40 எப்படி 32 ஆகும் என்று மேலே பார்த்தோமே!

“அதுக்குப் புது ஸ்டிக்கே வாங்கிடலாமேப்பா” என்றார் சார். வாங்கலாம். மூன்று கொட்டேஷன், ஒரு கம்பாரட்டிவ் ஸ்டேட்மென்ட், பிரின்சிபால் கையெழுத்து, ஆடிட்... அதற்குள் நாம் டிப்ளமோ வாங்கிவிடுவோம். அதோடு 2025 கடைசியில் மெமரி விலை என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போக, விலை விறுவிறுவென ஏறியது. மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளருக்கென இருந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஓட்டைக் குடத்தையும் யோசித்துத்தான் எறிய வேண்டியிருக்கிறது.

உண்மையில் என் கோபம் சார் மேலும் இல்லை, கொட்டேஷன் மேலும் இல்லை. மெமரி பொய் சொன்னால் கண்டுபிடிக்கும் வித்தை கிடைத்து முக்கால் நூற்றாண்டாகிறது. பெல் லேப்பில் ரிச்சர்ட் ஹாமிங் 1947-ல் ரிலே கம்ப்யூட்டரை வார இறுதியில் மட்டும்தான் உபயோகிக்க முடிந்தது. நம்ம கதைதான்! பிழை வந்தால் மெஷின் அவர் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தவர் வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள ஏன் தெரியக்கூடாது என்று கடுப்பில் யோசித்தார். 1950-ல் அது கட்டுரையாக வந்தது. ‘ஹாமிங் கோடு’ என்று நாம் மனப்பாடம் பண்ணுகிறோமே, பிறந்த கதை அதுதான்.

அந்த வித்தையை வைத்துத்தான் சர்வர்களில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் திருத்தவும் இரண்டு தவறினால் சொல்லவும் செய்கிறார்கள். இசிசி மெமரி என்று பெயர். எட்டு சிப்புக்கு ஒன்பது சிப். நம் மேஜைக்கு வரும் சாதாரண மெஷினுக்கு மட்டும் அந்த ஒன்பதாவது சிப் கிடையாது. இதற்காக 2021 ஜனவரியில் லினஸ் டோர்வால்ட்ஸ், சாதாரண மெஷின்களுக்கு இசிசி கிடைக்காமல் செய்தது இன்டெல்தான் என்று வெளிப்படையாகவே திட்டித் தீர்த்தார். டிடிஆர்5-ல் சிப்புக்குள்ளேயே ஒரு திருத்தம் இருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வார். அது சிப்புக்குள் நடக்கும் உள்வீட்டு விவகாரம். சிப்பிலிருந்து பிராசஸர் வரை வரும் வழியை அது காப்பாற்றாது, பிழை வந்ததென்று நமக்குச் சொல்லவும் சொல்லாது. சார்ஜ் கசியும் என்பது 1968-லேயே தெரியும், திருத்தும் வழி 1950-லேயே தெரியும். இருந்தும் மாணவன் வாங்கும் மெஷினுக்கு அது ஆடம்பரமாம்!

அது நம் கையில் இல்லை. லேப் நம் கையில் இருக்கிறது. சங்கத்தின் சார்பில் துறைக்குக் கொடுத்த மனுவில் மூன்றே கோரிக்கை. கண்டம் எழுதும் முன் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட். வேலி போட்ட மெஷின் ஒவ்வொன்றின் மேலும் எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டு, உள்ளே ‘ரேமை இடம் மாற்றாதே’ என்று இன்னொரு சீட்டு (இடம் மாறினால் விலாசமும் மாறும், வேலி ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம் ஆகிவிடும்). மார்க் ஏற்றும் ஆபீஸ் மெஷினுக்கு அடுத்த தடவை வாங்கும்போது இசிசி. முதல் இரண்டுக்கு சார் தலையாட்டிவிட்டார். மூன்றாவது ‘பார்க்கலாம்’ நிலையில் இருக்கிறது.

மூலையிலிருந்து நான்கு மெஷின் மேஜைக்கு வந்துவிட்டது. ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஹாஸ்டலிலும் வீட்டிலும் அடம் பிடிக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மெம்டெஸ்ட் பெண்டிரைவ் லேப் அட்டெண்டர் அண்ணனிடம் இருக்கிறது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது அதில் சினிமாப் படம் ஏற்றித் தராதீர்கள், இரண்டு தடவை அழித்து எழுதியாகிவிட்டது!